வெயில் கால இரவுச் சாப்பாடு: முதலில் அடுப்புக்கு ஓர் அட்டவணை

கோடை தொடங்கியதிலிருந்து வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது ஒரு கட்டு மட்டும் பெருத்துக்கொண்டே போனது. எழுதியவர்கள் வேறு வேறு. கேட்டது ஏறக்குறைய ஒன்றுதான். இரவுச் சாப்பாட்டை எப்படிச் சுலபமாக்குவது? முறை வைத்துச் சுழலும் உணவு அட்டவணை வீட்டுக்குச் சரிப்படுமா? நான் பல ஆண்டுகள் ஒரு மாணவர் விடுதியின் சமையற்கூடத்தைப் பொறுப்பேற்று நடத்தியவள். சுழற்சி அட்டவணை இல்லாமல் அங்கே ஒரு வாரம்கூட ஓடாது. எனவே இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: அக்கா, நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர். மாலையில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே “இன்றைக்கு என்னம்மா சாப்பாடு?” என்ற கேள்வி வந்துவிடுகிறது. இந்த வெயிலில் அடுப்பருகே நிற்கவும் முடியவில்லை. மாதத்துக்கு முப்பது வகை என்று ஓர் அட்டவணை எழுதி ஒட்டினேன். முதல் வாரத்திலேயே நின்றுவிட்டது. என்ன செய்தால் நிலைக்கும்?
– வேலைக்குப் போகும் ஒரு வாசகி

பதில்: முப்பது நாளுக்கு முப்பது வகை என்றால் முப்பது நாளும் புது வேலை, தங்கையே. ஒவ்வொரு நாளும் புதிதாகப் பொருள் வாங்க வேண்டும், புதிதாக அளவு பார்க்க வேண்டும், பிள்ளைகளைப் புதிதாகச் சம்மதிக்க வைக்க வேண்டும். பகலெல்லாம் உழைத்துவிட்டு வருகிறவரால் அதைச் சுமக்க முடியாது. உங்களிடம் குறை இல்லை. அந்த அட்டவணை அளவுக்கு மீறிக் கேட்டது.

ஒரு புதிய தாளை எடுங்கள். உங்கள் வீட்டில் எல்லோரும் முகம் சுளிக்காமல் சாப்பிடுகிற இரவு உணவுகளை மட்டும் எழுதுங்கள். பத்துப் பன்னிரண்டு தேறினால் தாராளம். பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதற்கு எவ்வளவு நேரம் அடுப்பு எரிய வேண்டும் என்று குறியுங்கள். சுவை, சத்து, செலவு எல்லாம் அதற்குப் பிறகு. கோடையில் முதலில் கணக்குப் பார்க்க வேண்டியது அடுப்பு எரியும் நேரத்தைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

ஏன் என்று கேட்பீர்கள். ஒரு லிட்டர் கொதிநீர் முழுவதும் ஆவியாக ஏறக்குறைய 2,260 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 1,000 வாட் ஹீட்டர் ஒன்று 35 நிமிடத்துக்கும் மேலாக எரிந்து தருகிற வெப்பம் அது. மூடாத பாத்திரத்திலிருந்து கிளம்பும் ஆவி அந்த வெப்பத்தைச் சமையலறைக்குள் கொண்டுவந்து விடுகிறது. காற்றில் ஈரம் கூடுவதால் வியர்வை உலர்வதும் குறைகிறது. உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழியே அடைபடுகிறது. ஏற்கெனவே பகல் முழுவதும் சூடேறிய சுவர்களுக்குள், நாளின் மிகச் சோர்வான நேரத்தில், இதைச் செய்கிறோம். மூடி போட்டுச் சமைப்பதும், குக்கரைப் பயன்படுத்துவதும், ஜன்னலைத் திறந்து வைப்பதும் உதவும். அடுப்பு எரியும் நேரத்தைக் காலைக்கு மாற்றுவது எல்லாவற்றையும்விட உதவும்.

நேரத்தைக் குறித்து முடித்ததும் உங்கள் உணவுகள் தாமாகவே நான்கு கூட்டமாகப் பிரியும். அடுப்பே வேண்டாதவை ஒரு கூட்டம்: நறுக்கிய காய்கள், பழம், தயிர், ரொட்டி, கொட்டைப் பருப்புகள். கால் மணி நேரத்தில் இறங்கிவிடுபவை இன்னொன்று: முட்டை, மெல்லிய மீன் துண்டு, பொடியாக நறுக்கி வதக்கிய காய். காலையில் வேகவைத்து ஃபிரிட்ஜில் வைத்து, இரவில் அப்படியே எடுத்துப் பரிமாறக்கூடியவை மூன்றாவது: கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு, வேகவைத்துப் பிய்த்த கோழி இறைச்சி. நெடுநேரம் அடுப்பில் நிற்பவை கடைசி. அந்தக் கடைசிக் கூட்டத்துக்குக் கோடை முடியும்வரை வாரத்தில் ஒரே ஒரு இடம்தான், அதுவும் காலையில்.

இனி, கிழமைக்கு உணவை ஒதுக்காமல் கூட்டத்தை ஒதுக்குங்கள். உங்கள் கடிதத்தில் இருந்த விவரங்களை வைத்து நான் போட்டுப் பார்த்தது இது. ஞாயிறு காலையில், வெயில் ஏறுவதற்கு முன்பு, குக்கரில் ஒரு பயறு வகையை இரண்டு வேளைக்கு வருமாறு வேகவைத்துவிடுங்கள். கூடவே உருளைக்கிழங்கும் வேகட்டும். திங்கள் இரவு அதில் பாதி, வெள்ளரி, தக்காளி, எலுமிச்சைச் சாறு சேர்த்து ரொட்டியோடு. செவ்வாய் கால் மணி நேரச் சமையல். புதன் இரவு ஞாயிறு வெந்ததில் மீதிப் பாதி. இந்த முறை மசித்து, வேறு தாளிப்போடு. வியாழன் அரிசியும் காயும் சேர்ந்த ஒரே பாத்திரச் சமையல், குக்கரில். வெள்ளி இரவு அடுப்புக்கு விடுமுறை. சனி, இருப்பதையெல்லாம் மேசையில் வைத்து முடிக்கும் நாள். ஞாயிறு இரவைக் காலியாக விடுங்கள். அந்தக் காலி இடம் அட்டவணைக்கு மிகவும் முக்கியம். மூச்சுவிட இடமில்லாத திட்டம் முதல் தடங்கலிலேயே உடைந்துவிடும்.

சலிப்பு வராதா? இங்கேதான் சுழற்சி. திங்கள் என்றால் குளிர்ந்த பயறு என்பது மாறாது; இந்த வாரம் கொண்டைக்கடலை, அடுத்த வாரம் வேறொன்று. இப்படி ஒவ்வொரு கிழமைக்கும் இரண்டு உணவு போதும். பதினான்கு நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும். வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலும் இரண்டே: இந்த வாரத்துக்கு ஒன்று, அடுத்த வாரத்துக்கு ஒன்று. ஒருமுறை தெளிவாக எழுதிவிட்டால் கோடை முழுவதும் அதையே எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம்.

விடுதியில் நாங்கள் பத்து நாள் சுழற்சி வைத்திருந்தோம். ஏழுக்கும் பத்துக்கும் ஒன்றைத் தவிர வேறு பொது வகுத்தி இல்லாததால், ஒரு உணவு அதே கிழமையில் மறுபடி வர 70 நாள் ஆகும். “செவ்வாய் என்றாலே இதுதான்” என்ற முணுமுணுப்பு எழவே வழியில்லை. ஆனால் வீட்டுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். விடுதியில் எல்லா நாளும் ஒரே மாதிரி வேலைக்காரர்கள் இருப்பார்கள். வீட்டில் ஒரு கிழமை நீங்கள் தாமதமாக வருவீர்கள், இன்னொரு கிழமை பிள்ளைகளுக்கு வகுப்பு இருக்கும். அதனால் கிழமையின் சுமைக்கு ஏற்ற கூட்டத்தை நிலையாக வைத்துவிட்டு, உள்ளே இருக்கும் உணவை மட்டும் மாற்றுவதே குடும்பத்துக்குப் பொருந்தும். நான் போட்ட கிழமைகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு எந்த நாள் மிகவும் கடினமோ அந்த நாளுக்கு அடுப்பில்லாத உணவைக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: வாரத்துக்கு ஒருமுறை காய்கறி வாங்குகிறேன். கோடையில் பாதி வாடிவிடுகிறது, அழுகிவிடுகிறது. அட்டவணை போட்டால் இன்னும் அதிகமாக வாங்க வேண்டியிருக்குமே?
– சிக்கனமான ஒரு குடும்பத் தலைவி

பதில்: குறைவாகத்தான் வாங்குவீர்கள். எந்த நாளுக்கு எந்தக் காய் என்பது தெரிந்துவிட்டால் “எதற்கும் இருக்கட்டும்” என்று வாங்குவது நின்றுவிடும். வீணாகிற உணவில் வீடுகளின் பங்கு சிறியது அன்று. 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 105 கோடி டன் உணவு வீணானது என்றும், அதில் 60 விழுக்காடு வீடுகளிலிருந்து வந்தது என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை மதிப்பிடுகிறது. நாம் வாங்கி, சுமந்து வந்து, அடுக்கி வைத்து, பிறகு எறிந்தது அது.

வாங்கிய நாளிலிருந்து எது முதலில் கெடுமோ அதை முதலில் சமைக்கும்படி கிழமைகளை அமையுங்கள். கீரை, கொத்தமல்லி, காளான் ஆகியவை முதல் இரண்டு நாளுக்கு. வெள்ளரி, பீன்ஸ், குடைமிளகாய், கத்தரிக்காய் வார நடுவுக்கு. கேரட், முட்டைக்கோஸ், பூசணி, பீட்ரூட், உருளை, வெங்காயம் வாரக் கடைசிக்கு. இந்த வரிசையை மட்டும் கடைப்பிடித்தாலே குப்பைக்கூடை இளைத்துவிடும்.

பழுத்த வாழைப்பழமும் தக்காளியும் எத்திலீன் வாயுவை வெளியிடுகின்றன. கீரையை அவற்றின் பக்கத்தில் வைத்தால் சீக்கிரம் மஞ்சளாகிவிடும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள். இரண்டும் காற்றோட்டமுள்ள இருட்டான இடத்தில், தனித்தனியே இருக்கட்டும். கீரையை அலசினால் ஈரம் முழுவதும் போக உலர்த்தி, துணியில் சுற்றி வையுங்கள். ஈரத்தோடு பையில் கட்டி வைப்பதைப்போல அதற்குக் கேடு வேறில்லை.

கேள்வி: காலையிலேயே சமைத்து வைக்கச் சொல்கிறீர்களே அம்மா, இந்த வெயிலில் இரவுவரை தாங்குமா? எங்கள் வீட்டில் சமைத்ததை மூடி வெளியிலேயே வைத்துவிட்டு, இரவில் நன்றாகச் சூடுபடுத்திச் சாப்பிடுகிறோம். கொதிக்கவைத்தால் கிருமி செத்துவிடும்தானே?
– புதிதாகக் குடித்தனம் நடத்தும் ஒரு பெண்

பதில்: மகளே, இந்தப் பழக்கத்தை இன்றே நிறுத்திவிடு. இதைச் சொல்லத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன் என்றாலும் தகும்.

கொதிக்கவைத்தால் கிருமி சாகும். ஆனால் அது உணவில் கக்கிவிட்டுப் போன நஞ்சு எல்லாம் அழிந்துவிடாது. சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அரிசியில் அதன் வித்துகள் இருக்கும். சமைக்கும் சூட்டிலும் அவற்றில் சில பிழைத்துக்கொள்ளும். சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் வித்துகள் முளைத்துப் பெருகும். வாந்தி உண்டாக்கும் அதன் நஞ்சு, மறுபடி சூடுபடுத்தினாலும் அழியாமல் நிற்கும். மணத்திலோ சுவையிலோ உனக்கு அது தெரியவும் தெரியாது.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது எளிது: 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. காற்றின் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஒரு மணி நேரம்தான் என்று அமெரிக்க வேளாண்மைத் துறை இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறது. கோடையில் அந்த ஒரு மணி நேரக் கணக்கையே நீ வைத்துக்கொள்.

ஆக, காலையில் சமைத்தது சீக்கிரம் ஆற வேண்டும், பிறகு குளிர வேண்டும். ஆழமான பாத்திரத்தில் வைத்தால் நடுவில் இருக்கும் உணவு நெடுநேரம் சூடாகவே இருக்கும். அகலமான தட்டிலோ தட்டையான டப்பாக்களிலோ மெல்லிசாகப் பரப்பு. டப்பாவைக் குளிர்ந்த தண்ணீர் நிறைந்த பெரிய பாத்திரத்தில் சற்று நேரம் வை. ஆவி அடங்கியதும் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடலாம். முழுவதும் சில்லிட்டுப் போகும்வரை வெளியில் காத்திருக்கத் தேவையில்லை. பெட்டிக்குள் 5 டிகிரிக்குக் கீழே இருக்கிறதா என்று ஒரு சின்ன வெப்பமானி வைத்துப் பார். கோடையில் அடிக்கடி திறந்து மூடும் பெட்டி நாம் நினைக்கிற அளவுக்குக் குளிர்ந்திருப்பதில்லை. இடைவெளியே இல்லாமல் அடைத்தாலும் உள்ளே குளிர்காற்று சுற்றாது. அப்படி வைத்ததை மூன்று நான்கு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். மறுபடி சூடுபடுத்தினால் நடுப்பகுதியும் 70 டிகிரிக்கு மேல் ஏறும்படி, ஆவி பறக்கச் சூடாக்கு. சூடுபடுத்தியது மிஞ்சினால் திரும்ப எடுத்து வைக்காதே.

ஃபிரிட்ஜ் இல்லாத வீடு என்றால் காலையில் சமைத்து இரவுக்கு வைக்கும் யோசனையையே விட்டுவிடு. அங்கே காலையில் செய்ய வேண்டியது ஊறவைப்பதும், தேங்காயோ பூண்டோ உரித்து வைப்பதும், பாத்திரங்களை எடுத்து வைப்பதும். ஆனால் ஊறவைத்த பயறும் வெயிலில் புளித்துவிடும்; தண்ணீரை மாற்று, முடிந்தால் வெளியே போவதற்குச் சற்று முன்பு ஊறப்போடு. இரவில் அதைக் குக்கரில் விரைவாக வேகவைத்துக்கொள்ளலாம். குக்கருக்குள் அழுத்தம் ஏறுவதால் தண்ணீர் 100 டிகிரியில் நிற்காமல் 120 டிகிரி அளவுக்குப் போகிறது. அதுதான் வேகத்துக்குக் காரணம். 1679ஆம் ஆண்டு டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த பாத்திரத்தின் வாரிசுதான் இன்றைய குக்கர். கோடைச் சமையலுக்கு அவரை நான் நன்றியோடு நினைத்துக்கொள்வேன்.

ஒரே ஓர் எச்சரிக்கை. சிவப்பு ராஜ்மாவை மட்டும் அரைவேக்காட்டில் சாப்பிடக் கூடாது. அதில் லெக்டின் என்ற நச்சுப் புரதம் உண்டு. குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டே வேகவைக்க வேண்டும். கொதிநிலைக்கு வராமல் இளஞ்சூட்டில் மெல்ல வேகவிடும் மின்பாத்திரத்தில் பச்சையாகப் போட்டால் நஞ்சு அழியாது.

கேள்வி: என் ஆறு வயது மகன் புதிய காய் எதையும் தொடுவதில்லை. மகளுக்கோ ஒரே மாதிரி இருந்தால் சலித்துவிடுகிறது. ஒருவனுக்கு மாற்றம் பிடிக்காது, ஒருத்திக்கு மாற்றம் வேண்டும். ஒரே அட்டவணை இரண்டு பேருக்கும் எப்படிப் பொருந்தும்?
– குழப்பத்தில் இருக்கும் ஒரு தாய்

பதில்: ஒரே அட்டவணைதான் பொருந்தும். இரண்டு சமையல் செய்யத் தொடங்கிவிட்டால் கோடை முழுவதும் இரண்டு சமையல்தான்.

மகனுக்குச் சொல்வது: எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் பல காலமாக வலியுறுத்தும் ஒரு பொறுப்புப் பிரிவினை உண்டு. என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும். சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்யும். அவனுக்கு நிச்சயம் பிடித்த ஒன்று, ரொட்டியோ சோறோ தயிரோ, எல்லா இரவிலும் மேசையில் இருக்கட்டும். பக்கத்தில் புதிய காயும் இருக்கட்டும். “ஒரே ஒரு வாய்” என்று கெஞ்சவும் வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். குழந்தைகள் ஒரு புதிய உணவை மீண்டும் மீண்டும் சந்தித்துச் சுவைத்துப் பழகும்போதுதான் அது பிடிக்கத் தொடங்குகிறது என்பது லியான் பர்ச் போன்ற ஆய்வாளர்கள் காட்டிய உண்மை. சில குழந்தைகளுக்குப் பத்து முறைக்கு மேலும் ஆகும். சுழலும் அட்டவணையின் பெரிய நன்மையே இது. நீங்கள் தனியாக எந்த முயற்சியும் எடுக்காமல் அதே பூசணி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவன் முன்னால் வந்து நிற்கும்.

மகளின் சலிப்பும் பிடிவாதம் இல்லை. ஒரே சுவையைத் தொடர்ந்து சாப்பிடும்போது அந்தச் சுவையின் மேல் மட்டும் விருப்பம் குறைந்து, மற்றவற்றின் மேல் விருப்பம் அப்படியே இருக்கிறது என்று பார்பரா ரோல்ஸும் அவருடைய குழுவினரும் 1981இல் ஆய்வு செய்து எழுதினார்கள். ஆகவே அடிப்படை உணவை மாற்ற வேண்டாம். மேலே சேர்ப்பதை மாற்றுங்கள். அதே கடலைக்கு ஒரு வாரம் எலுமிச்சையும் புதினாவும், அடுத்த வாரம் வறுத்த எள்ளும் பூண்டும். மொறுமொறுப்பாக ஒன்றும், குளிர்ச்சியாக ஒன்றும் தட்டில் இருந்தால் பாதிச் சலிப்பு போய்விடும். மேலே சேர்ப்பதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மகளிடமே கொடுத்துவிடுங்கள். அவள் அதை மிகுந்த அக்கறையோடு செய்வாள்.

கேள்வி: நான் பணி ஓய்வு பெற்றவன். மனைவி இன்னும் வேலைக்குப் போய்வருகிறார். வெயிலில் அவர் சமையலறையில் நிற்பதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. எனக்குச் சமைக்கத் தெரியாது. என்ன உதவி வேண்டும் என்று கேட்டால், “ஒன்றும் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார். அட்டவணையில் எனக்கு ஓர் இடம் கிடைக்குமா?
– ஓய்வுபெற்ற ஓர் அலுவலர்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். இப்படி ஒருவர் கேட்கிறாரே என்று மனம் நிறைந்துபோனது.

“என்ன உதவி வேண்டும்?” என்று கேட்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவர் முழுச் சமையலையும் மனத்தில் ஓட்டிப் பார்த்து, அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி உங்களுக்குத் தர வேண்டும். அதற்குத் தானே செய்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றுகிறது. 2019இல் அலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் 35 தம்பதிகளிடம் பேசி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். வீட்டு வேலையில் கைக்கு முன்னால் மூளை செய்யும் வேலையை அவர் நான்காகப் பிரித்தார்: தேவையை முன்கூட்டியே உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, முடிந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுப்பதில் கணவர்கள் ஓரளவு பங்கெடுத்தார்கள். முன்கூட்டி உணர்வதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் மனைவியர் தலையிலேயே இருந்தன. உங்கள் மனைவி களைத்துப்போவதற்கு அடுப்பின் வெக்கையோடு இதுவும் காரணம்.

அட்டவணையில் ஒரு கிழமையை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்பில்லாத நாளில் தொடங்கலாம்; சமையல் தெரியாதது அன்று தடையே இல்லை. ஆனால் முழுதாக என்றால் முழுதாகத்தான்: தயிர் இருக்கிறதா என்று முதல் நாளே பார்ப்பது, ரொட்டி வாங்குவது, காய் கழுவி நறுக்குவது, மேசையில் வைப்பது, பாத்திரம் துலக்குவது, மிச்சத்தை டப்பாவில் போட்டு உள்ளே வைப்பது. அன்று அவரிடம் எதையும் கேட்காதீர்கள். உப்பு எங்கே இருக்கிறது என்றுகூடக் கேட்காதீர்கள்; முதல் நாளே தேடி வைத்துக்கொள்ளுங்கள். கைபழகிய பிறகு முட்டை நாளையும் உங்கள் பெயரில் எழுதிக்கொள்ளலாம். நீங்கள் வைத்ததில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் உங்கள் மனைவி அன்று குறை சொல்லக் கூடாது. அதையும் நான் எழுதியதாக அவரிடம் காட்டுங்கள்.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உணவின் பெயருக்குப் பக்கத்தில் பொறுப்பேற்பவரின் பெயர் இல்லாத அட்டவணையை நான் அட்டவணை என்றே ஒப்புக்கொள்வதில்லை.

கேள்வி: மாமியாருக்கு எண்பது வயதை நெருங்குகிறது. வெயில் வந்ததிலிருந்து இரவில் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடுவதில்லை. நாங்கள் சாப்பிடும் குளிர்ந்த உணவும் அவருக்குப் பிடிப்பதில்லை. அவருக்காகத் தனியாகச் சமைக்க வேண்டியிருக்கிறது.
– ஒரு மருமகள்

பதில்: வெயிலில் பசி குறைவது எல்லோருக்கும் உள்ளது. முதியவர்களுக்குத் தாக உணர்வும் மங்கிவிடுகிறது என்பதுதான் கவலைக்குரியது. தாகம் எடுக்கவில்லை என்று அவர் சொல்வதை நம்பிக் காத்திருக்காதீர்கள். வெள்ளரியில் ஏறக்குறைய 95 விழுக்காடும் தர்பூசணியில் 90 விழுக்காட்டுக்கு மேலும் தண்ணீர்தான். மாலையிலேயே சிறு துண்டுகளாகக் கொடுங்கள். இரவுச் சாப்பாட்டை அவருக்கு மட்டும் ஒரு மணி நேரம் முன்னதாக, சிறிய தட்டில் வையுங்கள்; பெரிய தட்டு நிறையப் பார்த்தாலே சிலருக்குப் பசி போய்விடும். இதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ மருத்துவர் தண்ணீரின் அளவை வரையறுத்திருந்தால், அல்லது சர்க்கரை நோய் இருந்தால், அவர் சொன்னதே உங்கள் அட்டவணை. எடை குறைவது தெரிந்தாலோ, குழப்பமாகப் பேசினாலோ, சிறுநீர் மிகக் குறைந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

தனிச் சமையல் தேவைப்படாது. குடும்பத்துக்கு வேகவைத்த அதே பயறு, அதே காய். காரமும் புளிப்பும் சேர்ப்பதற்கு முன்பு அவருடைய பங்கை எடுத்து மசித்து, இளஞ்சூடாகக் கொடுத்துவிடுங்கள். ஒரு கரண்டி எண்ணெயோ வெண்ணெயோ சேர்த்தால் இரண்டு வாயிலும் சற்றுக் கூடுதல் பலம் இருக்கும்.

கேள்வி: தனியாக வாழ்கிறேன். ஒருத்திக்கு எதற்கு அட்டவணை?
– ஒரு வாசகி

பதில்: மூன்று இரவுக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை சமைத்ததை மூன்று பங்காக்கி, ஒன்றை அன்றும், ஒன்றை இரண்டு நாள் கழித்தும் சாப்பிடலாம். மூன்றாவது பங்கை, தேதி எழுதி ஒட்டி, உறைபெட்டியில் வையுங்கள். அங்கே மைனஸ் 18 டிகிரி இருந்தால் அது அவசர நாளுக்கு உதவும். மற்ற இரவுகளில் மனம் போனபடி சாப்பிடுங்கள். தட்டை எடுத்து வைத்து, உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

கேள்வி: எங்கள் வீட்டில் அட்டவணை நன்றாகத்தான் போகிறது. ஆனால் திடீரென்று விருந்தினர் வந்துவிட்டால் குலைந்துவிடுகிறது. விட்டுப்போன நாள்களை எப்படி ஈடுகட்டுவது?
– ஒரு வாசகர்

பதில்: ஈடுகட்டவே வேண்டாம். விட்டது விட்டதுதான். செவ்வாயன்று விருந்தினர் வந்து செவ்வாய் உணவு நின்றுபோனால், புதன்கிழமை புதன் உணவையே செய்யுங்கள். செவ்வாய்க்கு வாங்கிய பொருளில் கெடக்கூடியது எது என்று மட்டும் பாருங்கள். அதைச் சனிக்கிழமை மிச்சத்தோடு சேர்த்துவிடலாம், மீனோ இறைச்சியோ என்றால் அன்றே உறைபெட்டிக்குப் போக வேண்டும். விருந்தினர் நாளுக்கென்று தனியாக ஓர் உணவையும் தாளின் அடியில் எழுதி வையுங்கள். அலமாரியில் எப்போதும் இருக்கிற பொருள்களைக் கொண்டே, அரை மணி நேரத்துக்குள் எட்டுப் பேருக்குப் பெருக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும். எதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எனக்கும் எழுதுங்கள். நல்லவற்றை அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.